கசப்புத் தண்ணீரில் கழுவிய முகம்

என் வயதுப் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். சின்னப் பெண்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் வெயிலுக்குப் பூசுகிற கிரீம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பிதுக்கினாள். முன்னால் இருந்தவள் கை நீட்டினாள், பின்னால் இருந்தவள் கை நீட்டினாள். பஸ் பொன்னேரி தாண்டுவதற்குள் பாதி பஸ் வெள்ளையாகிவிட்டது.

“நீங்களும் போட்டுக்கோங்க ஆன்ட்டி. உங்க காலத்துல இதெல்லாம் இன்னா இருந்துச்சு?” என்றாள் அவள்.

வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. தாளும் பேனாவும் கொடுத்தால் கொஞ்சம் வரும். எங்கள் காலத்தில் என்ன இருந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

மீஞ்சூருக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எங்கள் ஊர். ஊர் என்றால் நாற்பது குடிசை, ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம். மற்றதெல்லாம் உப்பளம். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாருவார். அம்மா அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் அம்பாரமாகக் கொட்டுவாள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடையில் நானும் ஒரு சின்னக் கூடையோடு அம்மாவின் பின்னால் நடந்தேன். அது ஐம்பதுகளின் நடுவில்.

உப்பளத்து வெயில் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. அங்கே வெயில் மேலே இருந்து மட்டும் வராது. கீழே இருந்தும் வரும். தலையில் துணி போட்டால் நெற்றி தப்பும். முகவாய், மூக்கின் அடிப்பக்கம், புருவத்துக்குக் கீழே இருக்கிற பள்ளம், இதெல்லாம் வெள்ளை உப்பிலிருந்து எழும்பும் வெளிச்சத்தில் வெந்து போகும். போதாததற்குத் தலையில் இருக்கும் ஈரக் கூடை சொட்டிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர் நெற்றியில் இறங்கி, காதோரம் வழிந்து, கழுத்துக்குள் போகும். மத்தியானத்தில் எல்லாப் பெண்களின் முகத்திலும் வெள்ளைக் கோடுகள் காய்ந்து நிற்கும். சிரித்தால் கோடு வெடிக்கும். எரியும். எரிந்தாலும் சிரிப்பார்கள்.

நல்ல தண்ணீர் இரண்டு மைல் தள்ளியிருந்த ஊற்றிலிருந்து வர வேண்டும். ஆகவே சாயங்காலம் முகம் கழுவ ஆளுக்கு ஒரு செம்புதான். அதற்கு அம்மாவிடம் ஒரு முறை இருந்தது.

“தேய்க்காதடி! உப்பு ஒட்டிக்கினு கீது. தேய்ச்சா தோலு அறுத்துக்கும். ஊத்து, அது பாட்டுக்கு ஓடட்டும்.”

முதல் தண்ணீர் சும்மா ஓட வேண்டும். இரண்டாவது தண்ணீரில் விரல் நுனியால் மெல்லத் தொடலாம். துணியால் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு காலையில் வடித்து வைத்த கஞ்சித் தண்ணீர். சாயங்காலத்துக்குள் அது லேசாகப் புளித்து, மண் சட்டியில் சில்லென்று இருக்கும். அதைப் பூசிக் காயவிட்டுக் கழுவினால் எரிச்சல் பாதி அடங்கும். மீதிக்கு நுங்கு. சுளையை நாங்கள் தின்றுவிடுவோம். உரித்த தோலின் ஈரமான உள்பக்கத்தைக் கன்னத்திலும் கழுத்திலும் வைத்து ஒட்டுவாள். அந்தக் குளுமையை எந்தக் கிரீமும் தராது. எறும்பு வரும் என்பது ஒன்றுதான் குறை. பகலில் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. “எண்ண பூசிக்கினு வெயில்ல நின்னா அப்பளமா பொரிஞ்சுடுவ” என்பாள்.

இது அழகுக்காகச் செய்தது இல்லை. மறுநாள் அதே முகத்தோடு அதே வெயிலுக்குப் போக வேண்டும், அதற்காகச் செய்தது. அழகு என்கிற பேச்சை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அத்தைதான்.

அத்தை நைனாவின் தங்கை. திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. பிள்ளை இல்லை. சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முகத்தில் பவுடர் மணக்கும். அந்தப் பவுடர் தாடையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே கழுத்து எங்கள் எல்லோருடைய கழுத்தையும்போல்தான் இருக்கும்.

“அண்ணி, இவள நான் கூட்டிக்கினு போறேன். எங்க ஊட்டுலயே தங்கி ஆறாவது படிக்கட்டும். எனக்கும் யாரு கீறாங்க?” என்றாள்.

எங்கள் ஊரில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மீஞ்சூருக்கு நாலு மைல். பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டோம் என்று நைனா ஏற்கெனவே சொல்லிவிட்டார். எனக்கோ ஆறாவது படித்தே ஆக வேண்டும். ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரியாது. கூடையைத் தவிர வேறு எதையாவது சுமக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

அத்தை என் முகவாயைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“ஆனா இந்த மூஞ்சியோடயா? எங்க மாமியா வருசம் பூரா சொல்லிக் காட்டுவாளே. வெயில்ல உடாதீங்க அண்ணி. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வெளுக்க வையுங்க. வெளுத்தா கூட்டிக்கினு போறேன்.”

“பொறந்ததே அந்த நெறந்தாம்மா” என்றாள் அம்மா.

“பொறந்த நெறம் வேற, உப்பளத்து நெறம் வேற.”

நைனா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “மூஞ்சிதானே, ரெண்டு மழ பேஞ்சா சரியாப் பூடும்” என்றார். அவருக்கு எல்லாமே இரண்டு மழையில் சரியாகிவிடும்.

போகும்போது அத்தை முகத்துக்குப் பூசுகிற ஸ்நோ பாட்டில் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள். பால்போல வெள்ளைக் கண்ணாடி, நீல மூடி. அதன் வாசனையை இன்றைக்கும் என்னால் மூக்கில் கொண்டுவர முடியும்.

வெயிலில் விடாதே என்று சொல்வது எளிது. உப்பு விளைகிற மாதங்களில் எல்லாக் கைகளும் வேண்டும். நான் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு நாலு நடை கூடும். ஆகவே நான் போனேன். ஆனால் ஸ்நோவைப் பூசிக்கொண்டு போனேன். கொஞ்சமாக இல்லை. கண் மட்டும் தெரியும்படி.

கரையில் நின்றிருந்த மேஸ்திரி முதலில் பார்த்தார்.

“யார்ரா அது? உப்பு அம்பாரம் எழுந்து நடந்து வருது!”

“திருவள்ளூர் மருமவ வராங்கோ. வழி உடுங்கோ!” என்றாள் அம்மாவோடு கூடை சுமக்கும் சின்னம்மா. அவள் சொந்தச் சின்னம்மா இல்லை, எதிர்க் குடிசைக்காரி. வாய் ஓயாது.

முதல் கூடையிலேயே உப்புத் தண்ணீர் சொட்டி ஸ்நோவில் கலந்தது. கலந்ததும் அது திரிந்து கட்டி கட்டியாக வழிய ஆரம்பித்தது.

“ஏண்டி, பாலு திரிஞ்ச மாதிரி ஊத்துது மூஞ்சி! எடுத்து நக்கிக்க, வீணாக்காத!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கூடையை இறக்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் என் முகத்தைக் கழுவிவிட்டாள். அன்றைக்கு அவள் தண்ணீர் குடித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம். அம்பாரத்து நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சின்னம்மா, பாதத்திலிருந்து தோலை உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத் தோல்போல வந்தது. அவள் கணுக்காலுக்கு மேலே கறுப்பு. பாதமோ சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. அதுவரை தினமும் பார்த்த பாதம்தான். அன்றைக்குத்தான் நான் நிஜமாகப் பார்த்தேன்.

“காலு மட்டும் எப்படி சின்னம்மா இவ்ளோ வெள்ளயா கீது?”

“எல்லாம் அந்தக் கசப்புத் தண்ணிடி. மேல் தோல உரிச்சு எடுத்துடும். உரிச்சா உள்ள எல்லாருமே வெள்ளக்காரிதான்!”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு அது பாடப் புத்தகத்தில் படித்ததுபோல் ஆகிவிட்டது.

உப்பை வாரியபிறகு பாத்தியின் மூலையில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். எண்ணெய்போலக் கனமாக, மஞ்சள் ஓடியிருக்கும். நாக்கில் பட்டால் உப்பைவிடக் கசப்புதான் தெரியும். அதில் நின்று வேலை செய்கிறவர்களின் பாதங்கள் வெளுத்து, வெடித்து, உரிந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது வேலையின் தொல்லை. எனக்கு அது ஆறாம் வகுப்புக்கு வழி. கால் வெளுக்கும் என்றால் முகம் ஏன் வெளுக்காது?

எல்லோரும் கூழ் குடிக்கும் நேரத்தில் கடைசிப் பாத்திக்குப் போனேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்தேன். ஏற்கெனவே வெந்திருந்த தோல். கத்தாமல் இருக்க முந்தானையைக் கடிக்க வேண்டும், எனக்கு முந்தானை இல்லை, பாவாடை நாடாவைக் கடித்தேன். அதோடு விடவில்லை. வெயிலைப் பார்த்து நின்று அதைக் காயவைத்தேன். வலது கன்னத்தில் அதிகம் கறுத்திருப்பதாகத் தோன்றியதால் அங்கே இன்னொரு கை.

நாலு நாள் செய்தேன். நாலு நாளும் எரிச்சல் கூடக் கூட, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் கண் திறக்க முடியவில்லை. முகம் பூசணிக்காய்போல வீங்கி, அங்கங்கே வெடித்து நீர் கசிந்தது. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். முகத்தில் அடிக்க இடமில்லை என்று தெரிந்ததும் அந்தக் கையைத் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள்.

“வெயில்தான். வேணாம் வேணாம்னு உங்க அத்த சொல்லிட்டுப் போச்சு. நாந்தான் இஸ்துக்கினு போயி வறுத்துட்டேன்.”

இல்லை அம்மா, நானேதான் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தும் சொல்லவில்லை. கூச்சம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். கசப்புத் தண்ணீரில் முகத்தை வைத்தது சின்னத் தப்பு. அம்மாவை அப்படி நினைக்கவிட்டதுதான் பெரிய தப்பு.

அடுத்த மூன்று வாரம் என்னைக் குடிசையை விட்டு வெளியே விடவில்லை. காலையும் மாலையும் தண்ணீரை உயரத்திலிருந்து நூல்போல ஊற்றுவாள். கஞ்சித் தண்ணீரில் நனைத்த பழந்துணியை முகத்தின்மேல் பரப்பி, அது சூடானதும் எடுத்து மறுபடியும் நனைத்துப் போடுவாள். மாலையில் நுங்கு. கறுப்புப் பொருக்கை நான் பிய்த்துவிடக் கூடாது என்று கை இரண்டையும் தூங்கும்போது துணியால் கட்டிவைத்தாள். ஒரு செம்பு போதவில்லை. தன் செம்பையும் எனக்கே ஊற்றினாள். அந்த மூன்று வாரமும் அம்மா உப்புக் காய்ந்த முகத்தோடுதான் தூங்கினாள். கட்டிய கையோடு பக்கத்தில் படுத்து அந்த வெள்ளைக் கோடுகளை நான் எண்ணியிருக்கிறேன்.

பொருக்கு உதிர்ந்தது. புதுத் தோல் வந்தது. பெரும்பாலும் பழைய நிறத்தில்தான். வலது கன்னத்தில் மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு திட்டு, வெளேரென்று. வெள்ளையாக வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் கிடைத்தது.

ஜூனில் அத்தை வந்தாள். கையில் எனக்கென்று தைத்த புதுப் பாவாடை இருந்தது. அதையும் சொல்ல வேண்டும், அவள் ஆசையாகத்தான் வந்தாள். உள்ளே வந்தவள் என் கன்னத்தைப் பார்த்ததும் பாவாடையை மறுபடியும் பைக்குள் வைத்தாள்.

“இன்னா அண்ணி இது? திட்டு திட்டா? பாக்கறவங்க வெண்குஷ்டம்னு சொல்லுவாங்களே! ஊட்டுக்குள்ள விடுவாங்களா என்ன? இந்தப் புள்ளய வெயில்ல போட்டு வேக வெச்சியே, பெத்தவதானா நீ?”

சின்னம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். யாருக்கும் அடங்காத அம்மா. மேஸ்திரியையே பேர் சொல்லித் திட்டுகிறவள். அத்தை சொன்னதை அவள் ஏற்கெனவே நம்பியிருந்தாள். நைனா பலகையின் கைப்பிடியைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை. மூலையிலிருந்து எழுந்து வந்தேன்.

“அம்மா ஒண்ணும் பண்ல. நாந்தான். கசப்புத் தண்ணிய அள்ளி அள்ளிப் பூசிக்கினேன். நாலு நாளு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாத்துக்குடி?” என்றாள் அம்மா.

“வெளுத்தாத்தான் படிக்கக் கூட்டிக்கினு போவேன்னு அத்த சொன்னாங்கல்ல.”

அத்தை பைக்குள் இருந்த பாவாடையை இன்னும் உள்ளே தள்ளினாள். பிறகு, “சரி, ஆனது ஆச்சு. இந்த வருசம் போவட்டும். தோலு ஒரு நெறமா ஆவட்டும். அடுத்த வருசம் பாக்கலாம்” என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாள்.

“நான் வர்ல அத்த” என்றேன்.

“ஏய்.”

“அடுத்த வருசமும் வர்ல.”

அம்மா நிமிர்ந்தாள். அவள் அத்தையிடம் பேசவில்லை, நைனாவிடம் பேசினாள். “இந்தா, உன்னத்தான். தெனம் விடிஞ்சா குப்பத்துப் பொம்பளைங்க மீன் கூடைய எடுத்துக்கினு மீஞ்சூருக்குப் போறாளுங்கோ இல்ல? பன்னெண்டு பேரு. அவங்களோட இவளும் போவட்டும். சாயங்காலம் அவங்க திரும்பறப்போ திரும்பட்டும்.”

“நாலு மைல் வெயில்லயா? இருக்கறதும் கருத்துப் பூடும்!” என்றாள் அத்தை.

“கருக்கட்டும். படிப்பு இன்னா மூஞ்சி வழியாவா உள்ள போவுது?”

நைனா செதுக்குவதை நிறுத்தினார். “மீன் நாத்தம் அடிக்குமே” என்றார். அவருடைய சம்மதம் அப்படித்தான் இருக்கும்.

அத்தையைப் பற்றி இப்போது எனக்குச் சில விஷயங்கள் தெரியும். அந்த வீட்டில் அவளை உப்பளத்துக்காரி என்றுதான் கூப்பிட்டார்களாம். சாகிறவரை அவள் பவுடர் இல்லாமல் வாசலுக்கு வந்ததில்லையாம். என்னை வெளுக்கச் சொன்னது எனக்கும் அந்தப் பேர் வரக் கூடாது என்றுதான். புரிகிறது. எனக்கு நன்றாகவே புரிகிறது. புரிந்துவிட்டால் மன்னித்துவிட வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் மன்னிக்கவில்லை. பதினோரு வயதுப் பெண்ணின் படிப்பை அவள் தோலில் கொண்டுபோய்க் கட்டியது தப்புதான், யார் எந்த நல்ல எண்ணத்தில் கட்டினாலும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மாவே வந்தாள். குமாஸ்தா பெரிய நோட்டைத் திறந்து பேர், பிறந்த தேதி எல்லாம் எழுதினார். தேதி அம்மாவுக்குத் தெரியாது, அவரே ஒன்று போட்டார்.

“உடம்புல அடையாளம் ரெண்டு சொல்லும்மா. மச்சம், தழும்பு, எதுனா.”

“எடது முட்டில ஒரு மச்சம் கீது சார்.”

“இன்னொண்ணு?”

அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். முடியை ஒதுக்கிக் கழுத்தில் தேடினாள். கன்னத்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை. வெண்குஷ்டம் என்ற வார்த்தை அவளுக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

“வலது கன்னத்துல வெள்ளத் திட்டு சார்” என்றேன்.

அம்மா என் தோளைக் கிள்ளினாள். குமாஸ்தா கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

“அது போயிடும்போலத் தெரியுதே பாப்பா. நெலையா இருக்கற அடையாளமா சொல்லு.”

“அதான் சார். அதையே எழுதுங்க.”

எழுதினார்.

நாலு மைல் போக, நாலு மைல் வர, ஆறு வருடம் மீன் கூடைகளின் பின்னால் நடந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். அதற்கு மேல் இல்லை. திட்டு மூன்றாம் வருடமே மங்கிப் பழைய நிறத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் நோட்டில் எழுதியது அப்படியே சான்றிதழிலும் ஏறிவிட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி அதிகாரி சான்றிதழைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சான்றிதழைப் பார்த்தார்.

“வலது கன்னத்துல வெள்ளைத் திட்டுன்னு போட்டிருக்கே. காணோமே?”

“மறைஞ்சிடுச்சு சார்.”

“அப்போ ஒரு மனு எழுதிக் குடுங்க, வேற அடையாளம் மாத்திடலாம்.”

“வேணாம் சார். அதுவே இருக்கட்டும்” என்றேன். அறையில் ஐந்தாறு ஆண்கள் இருந்தார்கள். இருந்தாலும் அவர் நன்றாகத் தேடிப் பார்க்கட்டும் என்று, கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றேன்.